அனத்தோத்து ஊரில் ஒரு காணி



எரேமியா என்றதும் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது கண்ணீராகவே இருக்கும். வழிபாடு இலத்தீன் மொழியில் நடந்த காலத்தில், புனித வாரத்தின் இறுதி நாள்களில் மெழுகுதிரிகள் ஒவ்வொன்றாக அணைக்கப்பட, குருக்கள் புலம்பல் நூலைப் பாடுவார்கள். வீட்டிலுள்ள முதியவர்களைக் கேட்டால் அந்த இராகத்தின் சோகத்தைப் பற்றிச் சொல்வார்கள். அந்நூலைப் பாடியவர் எரேமியாவே என்பது நெடுங்கால மரபு. இன்றைய விவிலிய அறிஞருள் பலர் அதனை ஒப்புவதில்லை. எப்படியிருப்பினும் அழுத இறைவாக்கினர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. அவர் அழுதவர்தாம், ஐயமில்லை. ஆனால் அழுகையோடு அவரை நிறுத்திக்கொண்டால், கூலி கொடாத அரசனை முகம் பார்த்துக் கண்டித்தவரும், பகைவர் சூழ்ந்து நின்ற நகரில் சிறைக்குள் இருந்தபடியே காணி வாங்கி உறுதி எழுதி வைத்தவருமான ஒரு மனிதர் நம் கண்ணுக்குத் தப்பிவிடுவார். முன்னைய தமிழ் விவிலியத்தில் எரேமியாஸ் என்று நம் பெற்றோர் வாசித்த அந்த மனிதரை இவ்வாரம் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

எருசலேமுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 5 கிலோமீற்றர் தொலைவில், பென்யமின் குலத்தாருக்கு உரிய பகுதியில், அனத்தோத்து என்னும் சிற்றூர் இருந்தது. கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் தூரம்கூட இராது. அவ்வூர்க் குருக்களில் ஒருவரான இல்க்கியாவின் மகன் எரேமியா. சாலமோன் மன்னன் தனக்கு எதிரணியில் நின்ற அபியத்தார் என்னும் குருவைப் பதவியிலிருந்து நீக்கி அனுப்பி வைத்ததும் இவ்வூருக்குத்தான். அரண்மனையின் தயவை இழந்தவர்களின் நினைவு அவ்வூர்க் காற்றிலேயே கலந்திருந்தது எனலாம்.

யோசியா அரசனின் 13 ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 627 அளவில், இறைவனின் அழைப்பு அவரை வந்தடைந்தது. தாம் சிறுபிள்ளை என்றும் பேச அறியாதவர் என்றும் சொல்லிப் பின்வாங்கினார். குருமடத்தில் சேரும் பையன்களிலும் பலர் ஏறக்குறைய இதையே சொல்வதுண்டு. பெரும்பாலும் அது பணிவு, சிலவேளை சாக்கு. எரேமியாவிடம் அது மெய்யான அச்சம். தமக்கு இடப்பட்ட பணி இன்னதென்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது போலும். வடக்கிலிருந்து சாய்ந்து நிற்கும் கொதிக்கும் பானை ஒன்றைக் காட்சியில் கண்டார். தீங்கு வடக்கிலிருந்து வரும் என்பது அதன் பொருள். அந்த ஒரு காட்சியை விளக்குவதிலேயே அவருடைய 40 ஆண்டுகள் கழிந்தன.

அக்காலத்து உலக நிலையைச் சிறிது அறிந்தால்தான் இது புரியும். யூதா ஒரு சின்னஞ்சிறு மலைநாடு. தெற்கே எகிப்து, வடக்கே முதலில் அசீரியா, பின்னர் பாபிலோன். பேரரசுகள் ஒன்றையொன்று தாக்கப் போகும் வழியில் இந்த நாடு கிடந்தது. மலைநாட்டு அரசு ஒன்று கடல் கடந்து வந்த வல்லரசுகளுக்கு நடுவே எப்படித் தத்தளிக்கும் என்பதைக் கண்டியில் வாழும் நமக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. போர்த்துக்கேயரை விரட்ட 1638 இல் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்த இரண்டாம் இராசசிங்கன், இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிக்கொண்டதாகச் சிங்கள மக்கள் இன்றும் பழமொழி சொல்வார்கள். யூதாவின் அரசர்களும் அதே சந்தையில்தான் பண்டமாற்றுச் செய்துகொண்டிருந்தார்கள்.

யோசியா நல்லவன். கி.மு. 622 இல் ஆலயத்தைப் பழுதுபார்க்கையில் திருச்சட்ட நூல் கண்டெடுக்கப்பட்டதும், குல்தா என்னும் பெண் இறைவாக்கினரிடம் ஆள் அனுப்பி அதன் பொருளைக் கேட்டு, நாடெங்கும் சிலை வழிபாட்டை ஒழிக்க முனைந்தான். ஆனால் கி.மு. 609 இல் எகிப்திய மன்னன் நெக்கோவை மெகிதோவில் வழிமறிக்கப் போய் மாண்டான். நெக்கோ தன் விருப்பப்படி யோசியாவின் மகன் யோயாக்கிமை அரியணையில் ஏற்றினான். எரேமியாவின் துன்பங்கள் இங்கிருந்துதான் கனக்கத் தொடங்குகின்றன.

யோயாக்கிமின் ஆட்சித் தொடக்கத்தில் எரேமியா ஆலய முற்றத்தில் நின்று ஒரு மறையுரை ஆற்றினார். ஆலயம் இங்கே இருக்கிறது, ஆகவே நமக்கு ஒன்றும் நேராது என்று மக்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்நியரையும் அநாதைகளையும் கைம்பெண்களையும் ஒடுக்கிவிட்டு ஆலயத்துக்குள் வந்து ஒளிந்துகொள்வது, கொள்ளைக்காரர் குகைக்குள் பதுங்குவதற்கு ஒப்பாகும் என்றார் எரேமியா. முன்னொரு காலத்தில் உடன்படிக்கைப் பேழை இருந்த சீலோ என்னும் திருத்தலம் இன்று பாழாய்க் கிடக்கிறதே, இதுவும் அப்படியாகும் என்றார். குருக்கள் கொதித்தெழுந்து அவருக்குச் சாவுத் தீர்ப்பு வேண்டுமென்றார்கள். குருவின் மகனைக் கொல்லக் குருக்களே முன்நின்றதை ஒரு குருவாகிய நான் சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஊர்ப் பெரியவர்கள் சிலர், நூறு ஆண்டுகளுக்கு முன் மீக்கா என்னும் இறைவாக்கினரும் இதையே சொன்னார், அவரை எவரும் கொல்லவில்லையே என்று எடுத்துக் காட்டினார்கள். சாப்பானின் மகன் அகிக்காம் துணைநின்றதால் எரேமியா உயிர் தப்பினார். அவரைப் போலவே பேசிய உரியா என்பவருக்கு அத்தகைய துணை இல்லை. எகிப்துக்கு ஓடிப்போன அவரை யோயாக்கிம் பிடித்து வரச்செய்து வாளால் வெட்டுவித்தான்.

சாப்பானின் குடும்பத்தை மனத்தில் வைத்திருங்கள், மீண்டும் வருவார்கள்.

யோயாக்கிம் புதிய மாளிகை ஒன்று கட்டினான். அகன்ற சாளரங்கள், கேதுருப் பலகைகள், சிவப்பு வண்ணப் பூச்சு. நாடு எகிப்துக்கு வெள்ளியும் பொன்னும் திறையாகக் கட்டித் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. மாளிகை கட்டியவர்களுக்கு அரசன் கூலி கொடுக்கவில்லை. எரேமியா இதைப் பொறுக்கவில்லை. அயலானிடம் இலவசமாக வேலை வாங்கி வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ கேடு என்றார். உன் தந்தை ஏழை எளியவருக்கு நீதி வழங்கினான். இறைவனை அறிதல் என்பது அதுவே என்று அரசனுக்கே பாடம் சொன்னார். செத்த கழுதையைப் போல் இழுத்து எறியப்படுவாய் என்றும் முடித்தார். பக்தியைப் பற்றிப் பல நூல்கள் வாசிக்கிறோம். நாட்கூலியைக் கொடுப்பதே கடவுளை அறிவது என்று இவ்வளவு நேராகச் சொன்னவர்கள் மிகச் சிலரே.

பஸ்கூர் என்னும் குரு அவரை அடித்துத் தொழுமரத்தில் மாட்டினான். சொந்த ஊரான அனத்தோத்தின் ஆட்களே அவரைக் கொல்லச் சூழ்ந்தார்கள். வரவிருக்கும் அழிவின் அடையாளமாக மணம் செய்யாதிருக்கும்படி இறைவன் பணித்திருந்ததால் மனைவி மக்களின் ஆறுதலும் இல்லை. தாம் பிறந்த நாளையே சபித்தார். இறைவன் தம்மை ஏமாற்றிவிட்டதாகக்கூடக் குறைகூறினார். இனிப் பேசேன் என்று வாயை மூடியபோது, எலும்புகளுக்குள் அடைபட்ட தீயைப் போல் அச்சொல் எரிந்ததாக அவரே சொல்கிறார்.

கி.மு. 605 இல் கர்க்கமிசு என்னுமிடத்தில் எகிப்தியப் படையைப் பாபிலோனின் நெபுகத்னேசர் முறியடித்தான். கொதிக்கும் பானை எந்தத் திசையிலிருந்து கவிழும் என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவ்வாண்டில் எரேமியா தம் செயலாளர் பாரூக்கை அழைத்து, அதுவரை தாம் உரைத்தவற்றை ஓர் ஏட்டுச்சுருளில் எழுதுவித்தார். ஆலயத்துக்குள் நுழைய அவருக்குத் தடை இருந்ததால் அடுத்த ஆண்டு பாரூக்கே போய், சாப்பானின் மகன் கெமரியாவின் அறையிலிருந்து மக்கள் கேட்க அதை வாசித்தார். செய்தி அரண்மனையை எட்டியது. மார்கழிக் குளிர். அரசன் குளிர்கால மாளிகையில் கணப்பின் முன் அமர்ந்திருந்தான். மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும், எழுத்தரின் கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போட்டான். பின்னும் வாசிக்கச் சொன்னான், பின்னும் அறுத்தான். சுருள் முழுவதும் சாம்பலாயிற்று. எரிக்கவேண்டாம் என்று மன்றாடியவர்கள் மூவர். அவர்களுள் கெமரியா ஒருவர். எரேமியா மறுபடி பாரூக்கை உட்காரவைத்து முழுவதையும் சொல்லி எழுதுவித்தார், முன்னிருந்ததைவிடக் கூடுதலாகவே.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1982 இல் எருசலேமின் பழைய தாவீது நகர்ப் பகுதியில் யிகால் ஷைலோ என்னும் அகழ்வாய்வாளர், பாபிலோனியர் எரித்த ஒரு கட்டடத்தின் சாம்பலுக்கு அடியில் 50க்கு மேற்பட்ட களிமண் முத்திரைகளைக் கண்டெடுத்தார். ஏட்டைச் சுருட்டி நூலால் கட்டி, முடிச்சின்மேல் களிமண் உருண்டையை வைத்து முத்திரையிடுவது அக்கால வழக்கம். ஏடுகள் தீயில் போய்விட்டன. களிமண்ணோ அதே தீயில் சுட்டு, செங்கல் போல் இறுகி, 2,500 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது. அவற்றில் ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியா என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. காலமும் பெயரும் பொருந்துவதால் அவரே இவர் என அறிஞர் பெரும்பாலும் ஏற்கின்றனர். ஏட்டை எரிக்காதே என்று கெஞ்சியவரின் பெயரை நெருப்பே நமக்குக் காத்துத் தந்திருக்கிறது.

யோயாக்கிம் பாபிலோனுக்கு எதிராகக் கிளர்ந்துவிட்டு, தண்டனை வந்து சேருமுன் இறந்துபோனான். அவன் மகன் பெயர் யோயாக்கின். ஓர் எழுத்துத்தான் வேறுபாடு; குழம்பவேண்டாம். 18 வயதில் அரசனாகி மூன்றே மாதம் ஆண்டவன். கி.மு. 597 மார்ச் 16 ஆம் நாள் நகரம் நெபுகத்னேசரிடம் வீழ்ந்தது. இந்த நாளை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது, பாபிலோனியர் தாமே களிமண் பலகையில் எழுதி வைத்த வரலாற்றுக் குறிப்பு பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருப்பதாலும், அது 1956 இல் வெளியிடப்பட்டதாலும் ஆகும். இளம் அரசனும் அவன் தாயும் மனைவியரும் அதிகாரிகளும், தச்சரும் கொல்லருமாகப் பத்தாயிரம் பேர் பாபிலோனுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள்.

கண்டி வாசகர்களே, நம் ஊரின் கடைசி அரசனை இங்கே நினைக்காமல் இருக்க முடிகிறதா? கண்ணுசாமி என்ற பெயருடைய நாயக்கர் குல இளைஞன், ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் என்ற பட்டத்தோடு 1798 இல் அரியணை ஏறினான். நாம் மாலையில் சுற்றி நடக்கும் வாவி அவன் வெட்டுவித்தது. 1815 பெப்ரவரி 18 இல் மெதமகாநுவரப் பக்கத்தில் பிடிபட்டான். அடுத்த மாதம் 2 ஆம் நாள் பிரதானிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு நாட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். 1816 இல் குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயர் அளந்து கொடுத்த படியில் வாழ்ந்து, 1832 இல் அங்கேயே இறந்தான். இன்னும் அரசனே என்ற நினைவு ஒருபுறம், படியளக்கும் எழுத்தனின் கணக்குப் புத்தகம் மறுபுறம். யோயாக்கினின் நிலையும் இதுவே. 1899 முதல் 1917 வரை பாபிலோனை அகழ்ந்த செருமானியர் கோல்டெவேய் கண்டெடுத்த களிமண் பலகைகளில், யூதா நாட்டு அரசன் யோயாக்கினுக்கும் அவன் புதல்வர் ஐவருக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு இருக்கிறது. 1939 இல் அது வாசித்து வெளியிடப்பட்டது. விவிலியத்தில் ஒரு வரியாக நின்ற அரசன், அரண்மனைக் களஞ்சியத்தின் செலவுக் கணக்கில் ஒரு வரியாகவும் நிற்கிறான்.

எருசலேமில் நெபுகத்னேசர் அமர்த்திய புதிய அரசன் செதேக்கியா. கெட்டவன் என்று சொல்வதைவிட முதுகெலும்பு இல்லாதவன் என்பதே பொருந்தும். அயல்நாட்டுத் தூதர்கள் கிளர்ச்சி பேச எருசலேமில் கூடியபோது, எரேமியா மர நுகம் ஒன்றைத் தம் கழுத்தில் பூட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். பாபிலோனின் நுகத்தை இப்போதைக்குச் சுமப்பதே பிழைக்கும் வழி என்றார். அனனியா என்னும் மற்றோர் இறைவாக்கினன் அந்த நுகத்தைப் பறித்து உடைத்து, இரண்டே ஆண்டில் அரசனும் மக்களும் ஆலயப் பாத்திரங்களும் திரும்பி வரும் என்று முழங்கினான். மக்களுக்கு எது இனித்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எரேமியா முதலில் அப்படியே ஆகட்டும் என்றார். அதில் கேலி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அப்படி நடந்தால் நல்லதே என்றுதான் அவரும் ஏங்கினார். பின்னர் திரும்பி வந்து, மர நுகத்துக்குப் பதில் இரும்பு நுகம் வரும் என்று சொன்னார். அவ்வாண்டிலேயே அனனியா இறந்தான்.

இக்காலத்தில்தான் எரேமியா பாபிலோனில் இருந்த அகதிகளுக்கு ஒரு மடல் எழுதினார். அதை எடுத்துச் சென்ற இருவரில் ஒருவர் சாப்பானின் மகன் எலாசா. அங்கேயும் இரண்டாண்டில் ஊர் திரும்பலாம் என்று ஆசைகாட்டும் போதகர்கள் இருந்தார்கள். மூட்டையை அவிழ்க்காமலே மக்கள் காத்துக் கிடந்தார்கள். எரேமியா எழுதியது அவர்களுக்கு இடி விழுந்தாற்போல் இருந்திருக்கும். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்து வையுங்கள், குறைந்துபோகாமல் பெருகுங்கள், நீங்கள் இருக்கும் நகரின் நலத்துக்காக மன்றாடுங்கள், அதன் நலத்தில்தான் உங்கள் நலம் இருக்கிறது என்பது அம்மடலின் சாரம். திரும்பும் நாள் வரும். ஆனால் 70 ஆண்டு ஆகும்.

இந்த மடலை மலையகத் தமிழன் ஒருவன் மற்றவர்களைப் போல் வாசிக்க முடியாது. நம் முன்னோர் தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் மலையைத் திருத்தியவர்கள். 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களின் பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பகிர்ந்தார்கள். கோச்சியேறித் தலைமன்னார்த் துறைக்குப் போனவர்களை வழியனுப்பி அழுத குடும்பங்கள் இன்றும் நம் பங்குகளில் உண்டு. போகவா, இருக்கவா என்று ஒரே லயத்தில் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு விண்ணப்பம் போட்டார்கள்.

ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. பாபிலோனுக்குப் போனவர்கள் போர்க்கைதிகள். நம்மவர் கங்காணியின் பேச்சை நம்பி வந்தவர்கள். இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். எரேமியாவின் மடலைக் காட்டி, கிடைத்ததில் அமைதிகொள் என்று ஏழைக்குப் போதிப்பவர்கள் உண்டு. அது மடலைப் பாதியாய் வாசிப்பது. வீடு கட்டு, தோட்டம் போடு, அதன் பலனை நீயே உண் என்றவர் அதே எரேமியா. கூலி கொடாத அரசனைக் கழுதைச் சாவுக்கு ஒப்பிட்டவரும் அவரே. பத்தடி லயக் காம்பராவில், தனக்கென ஒரு சுவர்கூட எழுப்ப உரிமையில்லாதவன் அம்மடலை வாசித்தால், அதில் அவனுக்குக் கேட்பது தாலாட்டு அன்று. அடிநிலம் எங்கே என்ற கேள்வியே முதலில் எழும். 2003 இன் சட்டம் குடியுரிமையை முழுமையாக்கியது. 2015க்குப் பின் சில தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுந்தன. லயங்கள் இன்னும் ஒழிந்துவிடவில்லை.

பாபிலோனில் அந்த மடல் என்ன ஆயிற்று? 2014 இல் லோரி பியர்ஸ், கொர்னேலியா வுன்ஷ் என்னும் இரு பெண் அறிஞர்கள் நூறுக்கு மேற்பட்ட களிமண் பலகைகளை வெளியிட்டார்கள். முறையான அகழ்வில் கிடைத்தவையல்ல, பழம்பொருள் சந்தை வழியே வந்தவை. ஆயினும் செய்தி வியப்பானது. யூதா ஊர் என்று பொருள்படும் பெயருடைய ஒரு சிற்றூர் பாபிலோன் நாட்டில் இருந்திருக்கிறது. மிகப் பழைய பலகை கி.மு. 572 ஐச் சேர்ந்தது. நிலம் பயிரிட்டது, பேரீச்சையும் வாற்கோதுமையும் விளைந்தது, வரி கட்டியது, கடன் வாங்கியது, திருமணம், பாகப்பிரிவினை எல்லாம் அவற்றில் உள்ளன. பிள்ளைகளுக்கு ஆண்டவரின் பெயர் கலந்த எபிரேயப் பெயர்களைத் தொடர்ந்து இட்டு வந்திருக்கிறார்கள். மூட்டையை அவிழ்த்தார்கள்; பெயரை இழக்கவில்லை.

செதேக்கியா கடைசியில் எகிப்தை நம்பிக் கிளர்ந்தான். பாபிலோனியப் படை வந்து எருசலேமைச் சூழ்ந்தது. முற்றுகை ஒன்றரை ஆண்டு. அரணுள்ள நகரங்களில் இலாக்கிசும் அசேக்காவும் மட்டுமே எஞ்சியிருந்தன என்று எரேமியாவின் நூல் கூறுகிறது. 1935 இல் இலாக்கிசு கோட்டை வாயிலில் மையால் எழுதிய பானை ஓட்டு மடல்கள் கிடைத்தன. அசேக்காவின் தீ அடையாளம் தெரியவில்லை, இலாக்கிசின் அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று காவல் வீரன் ஒருவன் அவற்றில் தன் தலைவனுக்கு எழுதுகிறான்.

முற்றுகையின் அச்சத்தில் நகரச் செல்வர்கள் தங்கள் எபிரேய அடிமைகளை விடுதலை செய்வதாக ஆலயத்தில் உடன்படிக்கை செய்தார்கள். எகிப்தியப் படை வருகிறது என்று கேள்விப்பட்டுப் பாபிலோனியர் சற்று விலகியதும், விடுவித்தவர்களை மறுபடி பிடித்து அடிமைகளாக்கினார்கள். எரேமியா இதற்காகச் சீறியதுபோல் வேறு எதற்கும் சீறவில்லை என்றே சொல்லலாம். அந்த இடைவேளையில் அவர் பென்யமின் பகுதிக்குச் சொத்துக் காரியமாகப் புறப்பட்டபோது, எதிரியிடம் ஓடுகிறார் என்று வாயிலில் பிடித்து, அடித்து, நிலவறையில் தள்ளினார்கள். அரசன் இரகசியமாக அழைத்து ஆண்டவரின் வாக்கு உண்டா என்று கேட்டான். உண்டு, பாபிலோன் அரசன் கையில் அகப்படுவாய் என்றார். பின்னர் காவல்கூட முற்றத்துக்கு மாற்றப்பட்டார். நகரில் அப்பம் தீரும்வரை நாளொன்றுக்கு ஓர் அப்பம் கிடைத்தது.

அந்த முற்றத்துக்கு ஒருநாள் அவருடைய சிற்றப்பன் மகன் அனமேல் வந்தான். அனத்தோத்தில் உள்ள தன் காணியை வாங்கிக்கொள்ளும்படி கேட்டான். நெருங்கிய உறவினனுக்கே மீட்கும் உரிமை என்பது மோசேயின் சட்டம். நடைமுறையைப் பாருங்கள். அனத்தோத்துச் சுற்றுப்புறம் முழுவதும் பகைவன் கையில். வாங்குகிறவர் சிறையில். மனைவியில்லை, வாரிசு இல்லை. நாடே போகப்போகிறது என்று 40 ஆண்டாகச் சொல்லி வருபவரும் அவரே. நம் உறவினர் ஒருவர் இப்படி ஒரு காணி வாங்கினால் வீட்டில் என்ன பேச்சு எழும்!

எரேமியா 17 செக்கேல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்; ஏறக்குறைய 200 கிராம். உறுதி எழுதி, சாட்சிகளைக் கையொப்பமிடச் செய்து, முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் பாரூக்கிடம் ஒப்படைத்தார். நெடுங்காலம் இருக்கும்படி மண்பானையில் வைக்கச் சொன்னார். பானையின் காப்பு எத்தகையது என்பதைச் சாக்கடலோரம் கும்ரானில் 1947 இல் கண்டெடுத்த ஏடுகள் காட்டின. இந்நாட்டில் வீடுகளும் நிலங்களும் திராட்சைத் தோட்டங்களும் மறுபடி வாங்கப்படும் என்பதே அவ்வுறுதியின் பொருள். எல்லாம் முடிந்தபின் அவர் செய்த செபத்தில் ஒரு திகைப்பும் தெரிகிறது: முற்றுகை மேடு மதிலைத் தொட்டுவிட்டது, இந்த வேளையிலா காணி வாங்கச் சொல்கிறீர் என்று. கீழ்ப்படிந்த பிறகுதான் கேள்வி கேட்டார்.

படைவீரரின் மனத்தைத் தளர்த்துகிறார் என்று அதிகாரிகள் அவரைக் கொல்லக் கேட்டார்கள். தடுக்க வல்லமையில்லை என்று அரசன் கைகழுவினான். நீர் வற்றிச் சேறு நிறைந்த தொட்டிக்குள் அவரைக் கயிற்றால் இறக்கினார்கள். அந்த அதிகாரிகளில் யூகால், கெதலியா என்னும் இருவரின் பெயர் பொறித்த களிமண் முத்திரைகளும் 2005 இலும் 2008 இலும் எய்லாத் மசார் நடத்திய அகழ்வில் எருசலேமில் கிடைத்தன. காப்பாற்றியவனின் முத்திரை கிடைக்கவில்லை. அவன் அரண்மனைப் பணியாளன், எத்தியோப்பியன், எபேது மெலேக்கு. அரசன் முன் போய்ப் பேசத் துணிந்தவன் அந்த அந்நியன் ஒருவனே. பண்டகசாலையிலிருந்து கந்தல் துணிகளை எடுத்து வந்து, கயிறு அறுக்காமல் அக்குள்களில் வைத்துக்கொள்ளும்படி சொல்லி மெல்லத் தூக்கினான். கயிறு போடப் பலருக்குத் தெரியும். கந்தல் துணி தேடி எடுக்க அன்பு வேண்டும்.

கி.மு. 587 இல், 586 என்பாரும் உளர், மதில் உடைந்தது. தப்பியோடிய செதேக்கியாவைப் பிடித்து, அவன் கண்முன் புதல்வரைக் கொன்று, பின் அவன் கண்களைப் பிடுங்கினார்கள். அடுத்த மாதம் படைத்தலைவன் நெபுசரதான் ஆலயத்தை எரித்தான். ஒன்றுமில்லாத ஏழைகளை மட்டும் நாட்டில் விட்டு, அவர்களுக்குத் திராட்சைத் தோட்டங்களையும் வயல்களையும் கொடுத்தான். சொந்த இனச் செல்வர் இரண்டு முறை ஏமாற்றிய அடிமைகளுக்கு அந்நியப் படைத்தலைவன் கையால் நிலம் கிடைத்தது கசப்பான வேடிக்கைதான்.

எரேமியாவுக்குப் பாபிலோனில் நல்ல வாழ்வு தருவதாக நெபுசரதான் சொன்னான். அவர் மறுத்து, எஞ்சிய ஏழைகளோடு மிஸ்பாவில் தங்கினார். அங்கே ஆளுநன் கெதலியா. தொட்டியில் தள்ளியவன் வேறு, இவன் அகிக்காமின் மகன், சாப்பானின் பேரன். சில மாதங்கள் அமைதி; கனிகளும் எண்ணெயும் மிகுதியாய்ச் சேர்ந்தன. பின் அரச குலத்தவன் இஸ்மயேல் விருந்துக்கு வந்து கெதலியாவை வெட்டினான். பாபிலோனின் பழிக்கு அஞ்சிய மக்கள் எகிப்துக்கு ஓடத் துணிந்து எரேமியாவிடம் இறைவாக்கு கேட்டார்கள். பத்து நாள் காத்திருந்து, போகவேண்டாம், இங்கேயே இருங்கள் என்றார். பொய் சொல்கிறாய் என்று அவரையும் பாரூக்கையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

நைல் கழிமுகத்தில் தகபனகேசு என்னும் எல்லையூரில் அவரைக் கடைசியாகக் காண்கிறோம். அங்கும் வானத்து அரசிக்குத் தூபமிட்ட பெண்களோடு வாதிட்டுக்கொண்டிருந்தார். தம் மக்களாலேயே கல்லெறிந்து கொல்லப்பட்டார் என்பது பிற்கால மரபு. விவிலியம் அவர் சாவைச் சொல்லவில்லை. 1886 இல் பெட்ரி என்னும் ஆங்கில அறிஞர் அவ்வூரின் இடிபாட்டை அகழ்ந்தபோது, அங்கிருந்த மக்கள் அந்த மேட்டை யூதன் மகளின் மாளிகை என்று அழைத்து வந்ததைக் கேட்டார்.

காணிக்குத் திரும்புவோம். கி.மு. 538 இல் பாரசீக மன்னன் சைரசு நாடு திரும்ப அனுமதி கொடுத்தான். திரும்பியவர்களின் பட்டியல் எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. பெயரும் எண்ணுமாய் நீண்டு போவதால் நாம் பெரும்பாலும் தாண்டிப் போகும் பக்கம். அடுத்த முறை தாண்டாமல் 23 ஆம் வசனத்தில் நின்று பாருங்கள். அனத்தோத்து ஊரார் 128 பேர் என்று எழுதியிருக்கிறது.